நுரை அடங்கும் வரை

பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கழுத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் கண் தானாகப் போய் நிற்கும். கடத்தூரில் ஏறி தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுக் கழுத்துகளைப் பார்த்துவிடுவேன். ஏதாவது ஒன்றில் லேசாக மேடு தெரிந்தால் மடியில் கிடக்கும் என் விரல்கள் அசையும். உடனே என் கணவரின் கழுத்து நினைவுக்கு வரும். மீதி வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என் கண் முன்னால், என் கையால் மாத்திரை வாங்கித் தின்று, தினமும் என்னிடம் பரிசோதனைக்கு நின்று, அப்படி இறந்தார்.

நான் காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாத்திரை கொடுப்பேன், விழுங்கினார்களா என்று பார்ப்பேன், பாதியில் நிறுத்தியவர்களைத் தேடிப் பிடித்துத் திட்டுவேன். வத்தல்மலை வளைவுகளில் மழையிலும் போயிருக்கிறேன். ஊர்களில் என்னை மாத்திரைக்காரக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சண்டைக்காரக்கா என்பார்கள். இரண்டும் உண்மைதான். கழுத்தில் நெறி கட்டி வருபவர்களை நான் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன், இது சளிக்கு வந்தது, இது பல்லுக்கு வந்தது, இது டிபி என்று. பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். புதிதாக வரும் டாக்டர்கள்கூட, "நீங்க ஒரு தடவ கை வெச்சிப் பாருங்க" என்பார்கள். அந்த விரல்கள் மேல் எனக்கு அவ்வளவு திமிர் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவருக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. வலது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் மூன்று. கெட்டியாக இருந்தன, அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். அவர் பிக்கப் வண்டி ஓட்டுபவர். தோட்டங்களில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவார், சில நாள் தொப்பூர் வழியாக சேலம் வரைக்கும் போவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசும் வேலையை நானே எடுத்துக்கொண்டுவிட்டதால் அவருக்கு அதற்கு அவசியமும் இல்லாமல் போனது. "எதாச்சும் பூச்சி கடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

என் மாமியார் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மறுநாளே வந்து பார்த்துவிட்டு, பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டினார். கழுத்து வீங்கினால் தங்கம் போட்டால் இறங்கும் என்பது அவர் கணக்கு. தன் கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி நாற்பத்து நான்கு வயது மகனுக்கு மாட்டிவிட்டார். இவரும் அம்மா மனசு நோகக் கூடாதென்று அதைப் போட்டுக்கொண்டே நாலு நாள் மார்க்கெட்டுக்குப் போய்வந்தார். அங்கே எல்லோரும் மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேலி செய்திருக்கிறார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்தக் காலத்திலும் இப்படி நம்புகிறீர்களே அத்தை என்று மாமியாரைக் கிண்டல் செய்தேன். அவராவது நாலு நாளில் சங்கிலியைக் கழற்றிக்கொண்டார். நான் என் நம்பிக்கையை ஐந்து மாதம் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி தெரியவில்லை, தெளிவாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று முடிவு வந்தது. அப்படி எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது. அவர்களில் பலர் மாத்திரை போட்டு நன்றாகியும் இருக்கிறார்கள். முழுக் கட்டியையும் எடுத்து வெளியே பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று அங்கிருந்த இளம் டாக்டர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். நான் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. டிபிதான் சார், ஆரம்பிச்சிடலாம் என்றேன். கத்தி வேண்டாமே என்ற பயமும் அதில் இருந்தது. ஆனால் பயத்தைவிட திமிர்தான் அதிகம் என்று இப்போது தெரிகிறது.

காலை ஐந்து மணிக்கு அவர் வண்டி எடுக்கக் கிளம்புமுன் வெறும் வயிற்றில் மாத்திரை. நானே உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு மாதம் ஆகியும் கட்டி கரையவில்லை. இடது பக்கமும் வந்தது. ஆள் இளைத்துக்கொண்டே போனார், ஆனால் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினால் வீங்கின பாதத்தில் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு வண்டி ஓட்டுவதால் என்றார், நானும் ஒப்புக்கொண்டேன். பேச்சு மெல்ல மெல்லக் கனத்தது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் எங்கள் தொழிலில் முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான். ஆள் ஏமாற்றுகிறான். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டுத் துப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

கூடவே குடிக்கிறாரோ என்றும் பட்டது. ஒருநாள் மத்தியானம் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். இவர் பதில் சொன்ன விதத்தைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் காட்டவில்லை. நம்பாமல் இன்னும் இரண்டு முறை ஊத வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்பாகச் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குடித்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார். அன்றிலிருந்து தினமும் அவர் வாயை மோந்து பார்த்தேன். ஒருநாளும் வாடை இல்லை. அதையும் நான் நம்பவில்லை.

மூன்றாம் மாதம்தான் அந்தச் சோதனையை ஆரம்பித்தேன். காசநோய் மாத்திரை உள்ளே போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாக மாறிவிடும். ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், பிடித்துக் காட்டச் சொல்வோம். நிறம் இருந்தால் தின்றிருக்கிறார், இல்லாவிட்டால் துப்பியிருக்கிறார். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நூறு வீடுகளில் செய்திருக்கிறேன். ஆனால் கட்டின புருஷனிடம் வெள்ளை மக்கைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. காலை எட்டரை மணி. முதல் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்துக்கும் நான் வேலைக்கும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நான் முழுங்கிட்டுத்தான் இருக்கறன் புள்ள" என்றார்.

"அப்ப காட்டறதுக்கு என்னங்க?" என்றேன்.

கொண்டுவந்தார். நிறம் செம்மஞ்சள். ஆனால் மேலே வெள்ளையாக நுரை கட்டி நின்றது, மக்கின் விளிம்பு வரைக்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வண்டி கழுவும் சோப்பு மக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் நிறம் எப்படித் தெரியும், ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று கத்தினேன். "கழுவிட்டுத்தான் புடிச்சன்" என்றார். கழுவினால் எப்படி நுரைக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் கண் நிறத்தைத் தேடப் பழகியிருந்தது. நிறம் கிடைத்ததும் அதற்கு மேல் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து நுரை இல்லை. மக்கில் சமமாக, சுத்தமாக, செம்மஞ்சளாக இருந்தது. பார்த்தீர்களா, சொன்னால் கழுவத் தெரிகிறதல்லவா என்று நான் வெற்றிபெற்றவள் மாதிரி பேசினேன். ஆனால் அவர் குளியலறையில் நிற்கும் நேரம் அதிகமாகிவிட்டது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இருக்காது. எனக்குப் புதுச் சந்தேகம் முளைத்தது. குங்குமம் கரைத்து நிறம் காட்டுகிறாரோ என்று பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழைத் திறந்து அளவு பார்த்தேன். சிரிக்காதீர்கள், அப்படிச் செய்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தினமும் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கத்துவேன். உள்ளே என்ன பண்றீங்க, எனக்கு நேரமாச்சு, புள்ளைக்கு வேன் வந்திடும் என்று. "தோ, வந்துட்டன்" என்று கனத்த குரலில் பதில் வரும். ஆனால் உடனே வரமாட்டார்.

நாலாம் மாதக் கடைசியில் ஒரு காலையில் பலமாகத் தும்மினார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணிமைகளும் ஊதா நிறத்தில் கன்றியிருந்தன. யாரோ குத்திய மாதிரி இருந்தது. நான் அடித்துவிட்டேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் குணத்துக்கு அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கன்றல் மறைவதற்குள் மறுபடி வந்தது. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. அப்போதும் டிபி இல்லையோ என்று தோன்றவில்லை, மாத்திரைக்கு அடங்காத டிபியோ என்றுதான் தோன்றியது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வயதான பெண் டாக்டர் பார்த்தார். கழுத்தைக் கடைசியாகத்தான் தொட்டார். முதலில் இமைகளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. தினமும் அந்த வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவள் நான். மாத்திரை ஒளித்து வைத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். டாக்டர் அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு, ஒண்ணுக்குப் போனால் நுரை வருமா என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, இல்லைங்க டாக்டர், நான் தினமும் பார்க்கிறேன் என்றேன். நான் எந்தத் துறையில் வேலை செய்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"வருதுங்க" என்றார். "வந்தா சீக்கிரம் அடங்காதுங்க. அடங்கற வரைக்கும் நின்னுட்டிருந்து, அப்பறம்தான் இவகிட்ட காட்டுவன். கழுவலன்னு சத்தம் போடுவா."

டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எவ்வளவு நாளாக வருகிறது என்று டாக்டர் கேட்டதற்கு, அஞ்சாறு மாசமா என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

கழுத்திலிருந்து ஒரு கட்டியை முழுசாக எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அமிலாய்டோசிஸ் என்றார் டாக்டர். உடம்பே தப்பாகச் செய்த ஒரு புரதம் கரையாமல் போய் உறுப்புகளில் அப்பிக்கொள்கிறது, சிறுநீரகத்தில், நாக்கில், இதயத்தில். இவருக்கு நெறிக்கட்டிக்குள்ளும் அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, அதற்கென்று உள்ள வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையாக மின்னுமாம். இந்த நோய் கழுத்துக் கட்டியாக வெளியே தெரிவது அபூர்வம், யாராக இருந்தாலும் டிபி என்றுதான் முதலில் நினைப்பார்கள், நீங்கள் உங்களை நொந்துகொள்ளாதீர்கள் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். கட்டி அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். நுரை அபூர்வமில்லை. நுரையைக் கண்டால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மாதம் தவறான மாத்திரை தின்றார், சரியான வைத்தியத்துக்கு ஐந்து மாதம் பிந்தினார். அதற்கு நான்தான் காரணம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன, பஸ்ஸும் பின்னால் ஊர்ந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, கேட்கத் தெரியாமல், என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அதையும் ஒரு குற்றச்சாட்டாகத்தான் கேட்டேன். "சொன்னன் இல்ல புள்ள" என்றார். அவ்வளவுதான். கோபமே இல்லை அந்தக் குரலில். ஆமாம், சொன்னார். முழுங்குகிறேன் என்று சொன்னார், கழுவினேன் என்று சொன்னார், குடிக்கவில்லை என்று மூன்று முறை ஊதியே காட்டினார். அவர் சொன்ன ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தையல் போட்ட கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிறகு வாரம் ஒருமுறை சேலத்தில் வயிற்றில் ஊசி, கூடவே மாத்திரைகள். வண்டியைத் தம்பி முறை உள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இதயச் சுவர் தடித்திருக்கிறது, சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது, கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்றார்கள். நுரை குறைகிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நுரை அடங்கும்வரை நின்று எண்ணுவார். முதல் வாரம், "நானூறு எண்ணியும் நிக்குது" என்றார். அடுத்த மாதம் முன்னூறு. ஒரு காலையில் வெளியே வந்து, "இருநூத்தி பத்து" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த எண்ணைக் கேட்கத்தான் நான் காத்திருப்பேன். மகள் அதைக் காலண்டரில் குறித்து வைத்தாள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதம் ஓட்டினோம்.

நானும் மாறியிருந்தேன். அவர் சொல்வதை அப்படியே நம்புவது, அவசரப்படுத்தாமல் இருப்பது, அந்தக் கதவுக்கு முன்னால் ஒருபோதும் குரலை உயர்த்தாமல் இருப்பது என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். சண்டைக்காரி வாயை மூடிக்கொண்டு வாழ்வது சாதாரணமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன்.

அந்தக் காலையைப் பற்றிப் பிறகு சேலத்து டாக்டர் சொன்னது இதுதான். இதயம் அந்த நொடியே நின்றிருக்கும், நீங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதை நம்பினால் எனக்குத் தூக்கம் வரும். நம்பிக்கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் அதை நம்புவதில்லை.

முந்தின நாள் நூற்றைம்பது சொல்லியிருந்தார். அன்று எட்டரை மணிக்கு உள்ளே போனார். சுவரைப் பிடித்தபடிதான் போனார், அது வழக்கம்தான். கதவை வெறுமனே சாத்தினார். நான் அடுப்படியில் டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டதா என்று பல பேர் கேட்டார்கள். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. விசில் ஓய்ந்தபோது உள்ளே சத்தமே இல்லை. எண்ணுகிறார் என்று நினைத்தேன். துணையாக இருக்கட்டும் என்று நானும் வெளியே நின்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நூற்றைம்பது தாண்டியது. இருநூறு தாண்டியது. இன்றைக்கு ஏன் கூடுகிறது, நேற்று உப்பு அதிகம் சேர்த்துவிட்டேனோ என்று வருத்தமாக இருந்தது. முன்னூற்றைம்பதில், கத்திவிடாதே, கத்திவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பல்லாம் நீ அப்பாவ திட்டறதே இல்லம்மா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் பெருமையாக இருந்தது.

தள்ளினால் திறந்துகொள்ளும் கதவுதான். அறுநூறு வரை எண்ணிவிட்டுத்தான் அதைத் தள்ளினேன்.